தகவல்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன

ஆஸ்பத்திரியில் அந்த அறைப் பூட்டைத் திறந்தவன் நான்தான். சாவி செய்கிறவனுக்கு ஊரில் எல்லா வாசலும் ஒன்றுதான், கூப்பிட்டால் போய்விடுவேன். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் காவலாளி மூச்சு வாங்க ஓடிவந்து என் கடை முன்னால் நின்றார்.

"சீக்கிரம் வாங்க. டயாலிசிஸ் ரூம் சாவியக் காணோம்."

"அந்த ரூமைப் பூட்டி எத்தனை மழை பாத்தாச்சு. இப்ப என்னய்யா திடீர்னு ஞானோதயம்?"

"சட்டசபையில கேள்வி வந்திருக்காம். பெரிய டாக்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறாரு. சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு ஒரு ஜீவனுக்கும் தெரியல."

போனேன். பூட்டு துருவேறிக் கிடந்தது. எண்ணெய் விட்டுக் கம்பியை நுழைத்து ஆட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் பெரிய டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி என் தலைக்கு மேலேயே நின்றார். உள்ளே இரண்டு மெஷின்கள் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் நின்றன. அவற்றுக்கு நடுவே கட்டிலில் உடைந்த நாற்காலிகளையும் ஓடாத மின்விசிறியையும் அடுக்கி வைத்திருந்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு சாவியாப் போட்டுக் குடுங்க. இன்னொரு தடவ தொலைஞ்சா என் வேலையும் தொலைஞ்சுது."

எனக்குள்ளே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்தக் கேள்வி எங்கிருந்து கிளம்பியது என்பது எனக்குத் தெரியும். என் கடைக்கு அடுத்த கடையின் இஸ்திரி மேஜையிலிருந்துதான் கிளம்பியது.

இஸ்திரிக்காரியை நான் தங்கச்சி என்பேன், அவள் என்னை அண்ணே என்பாள். ஒரே தகரக் கூரையின் கீழ் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. அவள் கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை, அதுதான் வீடு. அவள் புருஷன் வெல்டர். பொறி பறக்க வேலை செய்தவன் என்பதால் எல்லோருக்கும் அவன் பொறிதான், பெண்டாட்டிக்கும்கூட. பஸ் கூண்டு கட்டும் பட்டறையில் அவன் பற்றவைத்த இடம் விட்டுப்போனதாக யாரும் வந்து நின்றதில்லை. அப்படிப்பட்டவனுக்கு ரத்தக்கொதிப்பு சொல்லாமல் கொள்ளாமல் வந்து இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் மூச்சு. இல்லையென்றால் நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்த இடத்திலேயே மூழ்கிப்போவான்.

இதில் கொடுமை எது என்றால் தாகம்தான். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். குழம்பில், சோற்றில் இருக்கும் நீரும் கணக்கில் சேரும். காய்களை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, உப்பில்லாமல் தட்டில் வைப்பாள். அவன் அதைப் பார்த்து, "இத வெல்டிங் ராடுக்குப் போட்டாக்கூட ஒட்டாதுடி" என்பான். சாப்பிட்டு முடித்ததும் ஒரு மடக்கு. அதை உடனே விழுங்கமாட்டான். வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருப்பான்.

இஸ்திரி வேலை தண்ணீர் இல்லாமல் ஆகாது. மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் சட்டை மேல் தெளித்துவிட்டு, முதலில் காலர், பிறகு தோள்பட்டை, கைமடிப்பு, கடைசியில் முன்பக்கம் என்று தேய்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துத் தரும் அவன் கண் பாட்டில் போகிற பக்கமெல்லாம் போகும். ஒருநாள் அதைக் கவனித்துவிட்டாள். மறுநாளிலிருந்து பாட்டிலை எடுக்கவே இல்லை. பிழிந்த ஈரத்துணியை மேலே விரித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். வேலை இரண்டு மடங்கானது, ஆனால் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நம்மூர் ஆஸ்பத்திரியில் மெஷின் இருந்தும் ஓட்டுவதற்கு ஆளில்லை. அதற்குப் படித்த டெக்னீஷியனை வேறெங்கோ அனுப்பிவிட்டுப் பூட்டிவிட்டார்கள். அதனால் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறினால் திரும்பும்போது இருட்டிவிடும். ரத்தம் சுத்தமான களைப்பில் பஸ் ஜன்னலில் தலையை விட்டு வாந்தி எடுத்துக்கொண்டே வருவான். அந்த நாட்களில் கடை மூடியிருக்கும். துணி கொடுத்தவர்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் சத்தம் போடுவார்கள். நானும் திருப்பிச் சத்தம் போடுவேன்.

எங்கள் தொகுதி உறுப்பினரின் சட்டைகளைத் தேய்க்கக் கொண்டுவருபவர் அவருடைய உதவியாளர். குச்சி மாதிரி உடம்பு, பேச்சு மட்டும் நிறுத்தி நிதானமாக வரும். சபையில் உறுப்பினர் கேட்கும் எழுத்துக் கேள்விகளை எல்லாம் எழுதுவது இவர்தான். அதனால் நாங்கள் வைத்த பெயர் கேள்விக்காரர். ஒருநாள் கடை ஏன் அடிக்கடி மூடிக்கிடக்கிறது என்று கேட்கப்போய், தங்கச்சி தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஐயா மேடையில இதப் பத்தி ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்களேன்" என்றாள்.

"மேடையில பேசினா காத்தோட போயிடும்மா" என்றார் அவர். "எழுத்துல கேட்டா எழுத்துலதான் பதில் சொல்லணும். பொய்னு தெரிஞ்சா சபை முன்னால மந்திரி தலை குனியணும். அதனால மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒவ்வொருத்தனும் கையெழுத்துப் போட யோசிப்பான். ஒரு தாளுதான், ஆனா அது வந்து இறங்கிச்சுன்னா ஆபீஸ்ல யாருக்கும் சோறு இறங்காது."

"ஒரு தாளுக்கா?" என்றேன் நான்.

"நீங்க ஒரு கம்பிய வெச்சுக்கிட்டு எவ்வளவு பெரிய கதவத் திறக்கறீங்க" என்றார்.

அங்கேயே மேஜை ஓரத்தில் எழுதிக் காட்டினார். அ, இந்த மருத்துவமனையில் டயாலிசிஸ் கருவிகள் செயல்படாமல் உள்ளன என்பது உண்மையா? ஆ, ஆமெனில் காரணம் என்ன? இ, எப்போது சரிசெய்யப்படும்? தங்கச்சி அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். உறுப்பினர் கையெழுத்துப் போட்டார், தாள் போனது, காவலாளி என்னிடம் ஓடிவந்தார்.

பூட்டைத் திறந்த கையோடு நாற்காலிகள் வெளியே பறந்தன. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிக்குப் புது வடிகட்டி வந்தது. தற்காலிகப் பணி என்று ஒரு உத்தரவோடு டெக்னீஷியன் பெண் ஒருத்தி பெட்டியுடன் வந்து இறங்கினாள். மெஷின் அக்கா என்று பேர் வைத்தான் பொறி. வீட்டிலிருந்து நடந்தே போய்ப் படுத்து, நடந்தே திரும்பி வந்தான். தங்கச்சிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில், இனி வரமாட்டோம், எங்கள் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டே வந்தாள். பாவி, நல்ல மனசில்தான் சொன்னாள்.

துறையிலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வந்தார். பொறி அப்போது மெஷினில் இருந்தான், தங்கச்சி பக்கத்தில் நின்றாள்.

"மெஷின் ஓடுதா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஓடுதுங்க ஐயா" என்றான் பொறி.

"ஒண்ணும் குறை இல்லையே?"

"ஒரு குறையும் இல்லீங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்று தங்கச்சி கையெடுத்துக் கும்பிட்டாள்.

வேறென்ன சொல்வார்கள்? உயிர் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைப் பார்த்து ஓடவில்லை என்றா சொல்வார்கள்? அதிகாரி குறித்துக்கொண்டு போனார். பதில் வந்தது. அ, இல்லை, கருவிகள் நல்ல முறையில் செயல்பட்டு வருகின்றன. ஆ, இ, இக்கேள்விகள் எழவில்லை.

பதில் சபையில் வைக்கப்பட்ட அதே வாரம் மெஷின் அக்காவின் தற்காலிகப் பணி முடிந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைப்பக்கம் வந்து, "நான் என்னக்கா பண்ணட்டும்" என்று அழுதாள். நான் செய்த சாவியாலேயே அறையைப் பூட்டினார்கள்.

பெரிய ஊரில் இவர்கள் இடம் வேறு ஆளுக்குப் போயிருந்தது. யாராவது வராமல் போனால் அந்த இடம் கிடைக்கும் என்று வாசலில் உட்காரச் சொன்னார்கள். சில நாள் கிடைத்தது, சில நாள் கிடைக்காமலே திரும்பினார்கள். காத்திருக்கும்போது யார் வராமல் போவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாளாம். "அண்ணே, வராதவங்களுக்கு என்ன ஆச்சோன்னு நெனைக்கக்கூட எனக்குத் தோணல. ச்சீ, நான் என்ன பொம்பள" என்று என்னிடம் சொன்னாள்.

கேள்விக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "தப்பு என்மேலதான்மா. ஓடலையான்னு கேட்டேன். பதில் எழுதுற அன்னைக்கு ஓடினா போதும்னு பண்ணிட்டானுங்க. இதே கேள்விய இந்தக் கூட்டத்தொடர்ல மறுபடி கேக்கவும் முடியாது."

"வேற மாதிரி?"

"வேற மாதிரி கேக்கலாம். மாசா மாசம் எத்தனை பேருக்குப் பண்ணினீங்க, டெக்னீஷியன் எத்தனை நாள் இருந்தாங்கன்னு கேக்கறேன். அதுக்கு இல்லைன்னு ஒத்த வார்த்தையில தப்பிக்க முடியாது."

அந்தத் தாள் போன சூட்டில் மறுபடி அறை திறந்தது. இந்த முறை சாவி தொலையவில்லை, பெரிய டாக்டர் கழுத்திலேயே மாட்டியிருந்தார். மெஷின் அக்கா அதே பெட்டியுடன் வந்து இறங்கினாள். தங்கச்சி சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டே இருந்தாள். கேள்விக்காரர் சட்டைகளை வாங்க வந்தபோது கேட்டாள்.

"ஐயா, கேள்வி போனா தொறக்கறாங்க. பதில் வந்தா பூட்டறாங்க. சரிதானே?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப பதிலே வராத மாதிரி ஒரு கேள்வி கேளுங்கய்யா."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "அம்மா, நான் முடி கறுப்பா இருந்த காலத்துலேர்ந்து கேள்வி எழுதறேன். பதில் வாங்கறதுக்குத்தான் எழுதறேன். பதில் வராம இருக்க எழுதுன்னா எப்படி?"

"பதில வெச்சு நான் என்ன பண்ண? இவரு கைல கட்டிவிடவா?"

பொறி பக்கத்திலிருந்து, "விடுடி, மனுஷன் தொழில்ல கை வெக்கறே" என்றான்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்குத் தண்ணி அளந்து ஊத்தறது நானு."

கேள்விக்காரர் சட்டைகளை வாங்கிக்கொண்டு போனார். பாதித் தெரு போய்த் திரும்பி வந்தார். "ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கேக்கறேன். இந்த ஒரு ஆஸ்பத்திரி இல்ல, எல்லா ஆஸ்பத்திரியையும் சேத்துக் கேக்கறேன். எந்த மெஷின் எப்ப வாங்கினது, எப்ப ரிப்பேர், யார் பாத்தது, எல்லாம். தேடட்டும்" என்றார்.

இரண்டாவது கேள்விக்குப் பின்னாலேயே அதையும் உறுப்பினர் அனுப்பினார். பெரிய கேள்வியாக இருப்பதில் அவருக்குப் பெருமைதான். துறையிலிருந்து இரண்டுக்கும் சேர்த்து வந்தது ஒரே வரி. தகவல்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன.

அந்த ஒரு வரியில் அந்தக் குடும்பம் பிழைத்துக் கிடந்தது. பொறியின் கால் வீக்கம் வற்றியது, முகத்தில் பழைய களை வந்தது. கட்டில் கால் ஆடுகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது பட்டறையிலிருந்து சாமான் வரவழைத்து, உட்கார்ந்தபடியே பற்றவைத்துக் கொடுத்தான். தினமும் சாயங்காலம் தங்கச்சி அவன் இடதுகை நரம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். மெஷின் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து இணைத்த நரம்பு அது. உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடினால் நல்லது, நின்றால் ஆபத்து. "ஓடுதா?" என்று அவன் கேட்பான். "ஓடுது" என்பாள். பிறகு அவள் வேலையைப் பார்க்கப் போவாள்.

மெஷின் அக்கா கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தங்கச்சி கேட்பாள், "என்ன, தகவல் சேந்துடுச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"நல்ல சேதி. ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

உலகத்தில் ஓர் ஆபீஸ் வேலை செய்யாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள் அவள் ஒருத்திதான் இருப்பாள். நானும் கூடச் சேர்ந்து வேண்டிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

வெயில் ஏற ஆரம்பித்த நேரம். தகரக் கூரை கொதித்தது. கேள்விக்காரர் வந்தார், கையில் சட்டைப் பை இல்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சபையக் கலைச்சுட்டாங்கம்மா."

"எதுக்கு?"

"ஆளுங்கட்சிக்குள்ள அடிதடி. இவன் பெருசா அவன் பெருசான்னு. கலைச்சுட்டு எலெக்ஷனுக்குப் போறாங்க."

"போகட்டும். நம்ம கேள்வி இருக்குல்ல?"

அவர் மேஜை மேல் கிடந்த துணியின் மடிப்பை நீவிவிட்டார்.

"ஐயா, கேள்வி இருக்குல்ல?"

"சபை கலைஞ்சா நிலுவையில இருக்கற கேள்வி எல்லாம் செத்துப்போச்சும்மா. பதில் சொல்லணும்னு யாருக்கும் கட்டாயம் இல்ல."

"எனக்கு முன்னாடியே போயிடுச்சா?" என்றான் பொறி. தங்கச்சி அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

"புது சபை வரும்ல? அதுல போடுங்க."

"எலெக்ஷன் நடக்கணும், எண்ணணும், நம்மாளு ஜெயிக்கணும், சபை கூடணும். அதுக்கப்புறம்தான் தாளே வாங்குவாங்க. அப்ப நான் இந்த வேலையில இருப்பனான்னும் தெரியல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மெஷின் அக்கா இரண்டாம் முறையாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். தங்கச்சி பெரிய டாக்டரிடம் ஓடினாள். அவர் நல்லபடியாகத்தான் பேசினாராம். "நான் எழுதிப் போட்டிருக்கேம்மா. எலெக்ஷன் நேரத்துல யாரையும் புதுசா மாத்தக் கூடாதுங்கறாங்க. முடியட்டும்" என்றாராம். அங்கிருந்து நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அந்த ரூம உங்களால தொறக்க முடியுமா?"

"கண்ண மூடிக்கிட்டுத் தொறப்பேன் தங்கச்சி. தொறந்து? மெஷின் அக்கா இல்லாம அது வெறும் பீரோதானே."

"தெரியும்ணே. சும்மா கேட்டேன்." அப்படியே என் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. அரத்தை எடுத்து ஒரு சாவியை ராவினேன், அது ஏற்கனவே ராவி முடித்த சாவி.

பெரிய ஊருக்கு மறுபடி ஓடினார்கள். வாசலில் இவர்களைப் போலவே, பூட்டிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். ஒரு தடவை பாதி நேரம் போட்டு இறக்கிவிட்டார்கள். அடுத்த தடவை அதுவும் இல்லை. அதற்கடுத்த தடவை பஸ் படியில் அவனால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. நானும் கண்டக்டரும் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம். நாலு அடி நகர்வதற்குள் வாய் திறந்து காற்றுக்குத் தவித்தான். இறக்கிக்கொண்டு வந்து வீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். படுத்தால் மூச்சு முட்டும், அதனால் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தேதான் இருந்தான். கண் இமை வீங்கிப் பாதி மூடியிருந்தது.

ஒரு டம்ளர் அரை டம்ளர் ஆனது. அதையும் பஞ்சில் நனைத்து உதட்டில் ஒற்றினாள். "கொஞ்சம் ஊத்தேன்டி, என்ன ஆயிடப்போகுது" என்று கெஞ்சினான், திட்டினான், ஒருநாள் அழுதான். அவள் மசியவில்லை. "எலெக்ஷன் முடியட்டும். சபை கூடட்டும். அதுவரைக்கும் நீங்க இருக்கணும். இருந்தே ஆகணும்" என்றாள். எப்போது கூடும் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா என்ன.

ஓட்டுக் கேட்டு உறுப்பினர் எங்கள் தெருவுக்கு வந்தது நல்ல உச்சி வெயிலில். மேளமும் கொடியுமாக முன்னால் ஒரு கூட்டம். அவர் பாவம், நடந்தே வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. தங்கச்சி தேய்த்த சட்டை அல்ல, இப்போது வேறெங்கோ கொடுக்கிறார்கள். தங்கச்சி கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார். சபையில் நம் தொகுதிக்காக அதிகக் கேள்விகள் கேட்டவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரருக்காக நான் கேட்ட கேள்வி மாதிரி எவனும் கேட்டதில்ல தாயி" என்றார். "துறையே ஆடிப்போச்சு. மறுபடி அனுப்புங்க, மறுபடி கேக்கறேன். கொஞ்சம் தண்ணி குடும்மா, நாக்கு ஒட்டிக்கிச்சு."

தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்பாளா? உள்ளே போய்ப் பெரிய சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். அவர் அண்ணாந்து கடகடவென்று குடித்தார். தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்கியது. ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். தண்ணீர் தாடையில் வழிந்து வாசல்படியில் சொட்டியது. திறந்த கதவு வழியாக, தலையணையில் சாய்ந்தபடி, பொறி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தொண்டையும் ஏறி ஏறி இறங்கியது. கதவோரம் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டும் தெரிந்தது.

"ஆஹா, இப்பத்தான் உசிரு வந்துச்சு" என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

சொம்பில் இன்னும் கால்வாசி இருந்தது.

"அத இங்க குடு" என்றான் பொறி.

அவள் நகரவில்லை.

"அந்த மிச்சத்தக் குடு. இனிமே எதுவும் கேக்கமாட்டேன். சத்தியமா கேக்கமாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கொடுத்துவிடு தங்கச்சி என்று என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் வாசலுக்கு வந்து, அவன் பார்க்கப் பார்க்க, சொம்பைத் தெருவில் கவிழ்த்தாள். மண் சூட்டுக்கு அது விழுந்த சுவடே கொஞ்ச நேரத்தில் இல்லை.

"கொலைகாரி" என்றான்.

"ஆமா" என்றாள்.

உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலிச் சொம்பை அவன் கன்னத்தில் வைத்தாள், அது இன்னும் குளிர்ந்திருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மற்றொரு கையை அவன் இடதுகை நரம்பின் மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை, கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள், மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து அழுத்தினாள்.

"ஓடுதா?" என்று அவன் கேட்டான்.

மேளச் சத்தம் தெருமுனையில் திரும்பியது.

"ஓடுது" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன். என் கடை வாசலில் யாரோ ஒருவர் பீரோச் சாவி தொலைந்துவிட்டது என்று காத்துக்கொண்டு நின்றிருந்தார்.